லாங் ஐலண்ட் ஜெட்டியில் அடித்த ஹாரன்

சுனாமிக்குச் சில வருடங்கள் கழித்து, அந்தமானின் லாங் ஐலண்ட் ஜெட்டியில், போட்டுக்குக் காத்திருக்கும் கொட்டகையில் ஒரு அம்மாளைச் சந்தித்தேன். போர்ட் பிளேர் போட் கட்டிக் கிடந்தது. அதன் ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாளுக்குப் பருத்திப் புடவை, கான்வாஸ் ஷூ, மடியில் ஹர்டி-கர்டி என்ற வாத்தியம். கைப்பிடியைச் சுற்றினால் உள்ளே ஒரு சக்கரம் தந்திகளை உரசிப் பாடும். அதற்கென்று தானே எழுதிய இசையை, காத்திருந்த எங்களுக்கு வாசித்தார். வாசிக்கும்போதே ஓரக்கண்ணால் எங்கள் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இசை மெல்லப் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று போட் ஹாரன்! "சலோ, சலோ!" என்று யாரோ கத்த, தேங்காய் மூட்டையோடு நானும் ஓடினேன்.

போட்டிலிருந்து ஒருவர் சோற்றுக் கையோடு எட்டிப் பார்த்தார். "அரே, ஹாரன் யாரும் அடிக்கல பாய் சாப்! ஆராமா, மெதுவா வாங்க."

திரும்பி வந்தால், காற்று வரும் பெஞ்சில் என் இடத்தில் அந்த அம்மாள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"மேடம், அந்த ஹாரன் சத்தம் உங்க வாத்தியத்துல வந்ததா?"

"எழுதினதே அப்படித்தாங்க. போன வாரம் போர்ட் பிளேர்ல, ஹேடோ ஜெட்டியில வாசிச்சேன், ஒருத்தரும் அசையல. மாத்தி எழுதினேன். இன்னிக்குத்தான் சரியா வந்திருக்கு!" முகமெல்லாம் பெருமை.

மூட்டையில் தலைவைத்துக் கண்ணயர்ந்தேன். மறுபடியும் ஹாரன் கேட்டது.

"ஒரு தடவைதான் ஏமாறுவேன், மேடம்," என்று கண்ணைத் திறக்காமலே சொல்லிப் புரண்டு படுத்தேன்.

விழித்தபோது கொட்டகையே காலி. ஜெட்டியை விட்டு விலகிப்போகும் போட்டின் மேல்தளத்திலிருந்து அவர் எனக்குக் கையசைத்தார்.

அடுத்த போட் மறுநாள்தான். என்னை எழுப்பாமல் போனது மறதியா, இல்லை அந்த இசைக்கு அவர் எழுதிய முடிவே அதுதானா, இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.