இரண்டு செட்டுக்கு நடுவே யதிராஜன்

ஊத்துக்கோட்டை ஆற்றில் தண்ணீர் எத்தனை அடி என்று மெட்ராஸுக்குத் தெரிய வேண்டுமானால், அறுபதுகளின் கடைசியில், அது யதிராஜனின் வாய் வழியாகத்தான் போயாக வேண்டும். ஊத்துக்கோட்டை ஒயர்லெஸ் மெட்ராஸை எட்டாது. மெட்ராஸ் ஒயர்லெஸ் ஊத்துக்கோட்டையை எட்டாது. இரண்டும் எட்டுகிற இடம் திருவள்ளூரை ஒட்டிய காக்களூர். அங்கே ஏரிக்கரை ஓரமாக வெள்ளத் தகவல் இலாகா ஓர் ஓட்டு அறை கட்டியது. ஒரு மேஜை, மேஜைமேல் இரண்டு செட். இடது பக்கத்து செட் ஊத்துக்கோட்டையோடு மட்டும் பேசும், வலது பக்கத்தது மெட்ராஸோடு மட்டும். நடுவில் நாற்காலி. நாற்காலியில் யதிராஜன். இந்தப் பக்கம் கேட்டதை அந்தப் பக்கம் சொல்ல வேண்டும், அந்தப் பக்கம் கேட்டதை இந்தப் பக்கம். இதற்கு அரசாங்கம் மாதாமாதம் சம்பளம் கொடுத்தது.

தன்னைவிட இந்த வேலைக்குப் பொருத்தமான ஆள் ஜில்லாவிலேயே கிடையாது என்று யதிராஜன் நம்பினார். காரணம் இல்லாமல் இல்லை. அவர் குடும்பத்துக்குத் திருவள்ளூர் கோயிலில் பிரபந்தம் சேவிக்கிற கோஷ்டியில் பரம்பரையாக ஓர் இடம் உண்டு. இரண்டு வரிசையாக நின்று மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டும். ஓர் எழுத்தை விழுங்கினால் பக்கத்தில் நிற்பவர் முழங்கையால் இடிப்பார். ஆறு வயதிலிருந்து அந்த இடியைத் தவிர்த்தே வளர்ந்த நாக்கு அவருடையது.

வேலைக்கான நேர்முகத்தில் அதிகாரி ஒருவர் எண்ணும் ஊர்ப் பெயருமாக நீளமான ஒரு செய்தியை வாசித்துவிட்டு, "அப்படியே திருப்பிச் சொல்லு" என்றார். மற்றவர்கள் பாதியில் கவிழ்ந்தார்கள். யதிராஜன் கடைசி வரைக்கும் சொன்னார்.

"நடுவிலே நான் தும்மினேனே, அதைச் சொல்லலியே?" என்று அதிகாரி கிண்டலாகக் கேட்டார்.

"அது செய்தி இல்லையே" என்றார் யதிராஜன்.

அதிகாரிக்கு அந்தப் பதில் பிடித்துப்போய்விட்டது. அதில் இருந்த ஆபத்து அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை.

ஊத்துக்கோட்டையில் செட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் சடையப்பன். வசவு அவருக்கு உப்பு மாதிரி. போடாமல் ஒரு வாக்கியமும் தொண்டையில் இறங்காது. மெட்ராஸ் பக்கம் யேசுதாஸ், ராயபுரத்துக்காரர். அவருக்கு உப்போடு மிளகாயும் வேண்டும். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை, ஒருவர் குரலை ஒருவர் கேட்டதும் இல்லை.

"சாமி, கேக்குதா? தண்ணி நாலே கால் அடி" என்று சடையப்பன் இடது பக்கத்து செட்டில் கத்துவார். "பேட்டரி கேட்டு வாரமாச்சு. அந்த மெட்ராஸ் சோமாரி தூங்கிக்கினு கீறானான்னு கேளு. கஸ்மாலம், பேமானி! ஓவர்."

யதிராஜன் வலது பக்கம் திரும்புவார். "ஊத்துக்கோட்டை நீர்மட்டம் நாலே கால் அடி. பேட்டரி கேட்டு ஒரு வாரம் ஆகிறது, அனுப்ப வேண்டும். சடையப்பன் உங்கள் சௌக்கியத்தை விசாரித்தார். ஓவர்."

இதில் தான் எதையும் மாற்றியதாக யதிராஜனுக்குத் தோன்றியதே இல்லை. காலையில் கோயிலில் திருநாமம் சொல்லிவிட்டு வந்த வாயால் கஸ்மாலத்தைச் சொல்ல முடியாது என்பது ஒன்று. அதைவிட, ஒயர்லெஸ்ஸில் கரகரப்பும் வரும், செய்தியும் வரும். கரகரப்பைத் திருப்பிச் சொல்வது யாருடைய வேலையும் இல்லை. ஆனால் வெறுமனே விட்டுவிட்டால் சொன்னதில் ஓர் இடம் காலியாக நிற்கும். சேவிக்கும்போது ஒரு சீர் குறைந்தால் காதில் தட்டுமே, அந்த மாதிரி. அதனால் அந்த இடத்தில் அதே நீளத்துக்கு ஒரு க்ஷேம விசாரிப்பை வைப்பார். வசவு நீண்டால் விசாரிப்பும் நீளும். சடையப்பன் பேட்டரிக் கோபத்தில் யேசுதாஸின் அம்மா, அக்கா வரைக்கும் போய்விட்ட நாட்களில், "தாயார், தமக்கை எல்லாரும் சௌக்கியமா என்று கேட்கிறார்" என்று மெட்ராஸுக்குத் தகவல் போகும்.

யேசுதாஸ் உருகிப் போனார். "இன்னா மனுசன்யா! எங்கம்மாவ எங்க ஊட்டாண்ட இருக்கறவனே கேக்க மாட்டான்" என்று ஆபீஸ் முழுக்கச் சொன்னார். கிறிஸ்துமஸுக்கு ஒரு கேக் காக்களூர் வழியாக ஊத்துக்கோட்டைக்குப் போயிற்று. ஊத்துக்கோட்டையிலிருந்து ஒரு மூட்டை வேர்க்கடலை வந்தது. இலாகாவிலேயே சண்டை சச்சரவு இல்லாத லைன் அதுதான் என்று ஒரு சுற்றறிக்கையில்கூடப் பாராட்டினார்கள்.

அந்த வேலையில் யதிராஜன் இன்னொரு வித்தையையும் கற்றுக்கொண்டார். அறைக்கு வெளியே சவுக்குக் கம்பத்தில் ஏரியல் கட்டியிருந்தது. மழை பெய்தால் இரண்டு குரலும் தேய்ந்துவிடும். மெக்கானிக் வந்து செட்டைத் திறந்து பார்த்து, செட்டில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போவார். ஓர் ஐப்பசியில் யதிராஜனே கம்பத்தில் ஏணி சாத்தி ஏறினார். கேபிள் ஏரியலோடு சேருகிற மூட்டில் விரிசல். இறங்கி வந்து, அறைக்குள் கேபிளின் தலைப்பை அவிழ்த்தால் உள்ளேயிருந்து தண்ணீர் சொட்டியது. மேலே மூட்டில் புகுந்த மழை, கேபிளுக்குள்ளேயே வழிந்து இறங்கியிருந்தது.

புது கேபிள் வந்ததும் மூட்டைச் சுற்றி டேப் சுற்றினார். வெயிலில் டேப் பிசின் விட்டது. அப்போதுதான் கோயிலில் சாமியைப் பீடத்தோடு ஒட்டுகிற அஷ்டபந்தன மருந்து ஞாபகம் வந்தது. எத்தனை திருமஞ்சனம் ஆனாலும் ஒரு சொட்டு உள்ளே போகாது. அரக்கு, குங்கிலியம், தேன்மெழுகு, இன்னும் சிலவற்றைச் சேர்த்து, வெண்ணெய் விட்டு, கை ஓயும்வரை உலக்கையால் இடிக்க வேண்டும்.

"சாமிக்கு வெக்கறத கம்பிக்கு வெப்பாளோ?" என்று அவர் மனைவி அம்புஜவல்லி கேட்டாள்.

"மந்திரம் சொல்லாம இடிச்சா அது வெறும் பிசின்தான்."

அடுத்த மழைக்கு மூட்டு காய்ந்தே இருந்தது. அறைக்குள் நுழையும் இடத்தில் கேபிளைத் தொங்கலாக ஒரு வளைவு விட்டுக் கட்டினால் மழைநீர் வளைவின் அடியில் சொட்டிவிடும், சுவருக்குள் வராது என்பதையும் கண்டுபிடித்துக்கொண்டார். அப்புறம் காக்களூர் லைன் மழையில் தேய்ந்ததே இல்லை.

எழுபத்துநாலில் கோபால் என்ற இன்ஜினீயர் ஜீப்பில் வந்து இறங்கினார். கெட்டிக்காரர், நல்ல மனிதர். அதனால்தான் விஷயம் இன்னும் கஷ்டமாகிவிட்டது.

"அய்யங்கார் சார், இனிமே உங்க தொண்டைக்கு ஓய்வு" என்றார் சந்தோஷமாக. "ரிப்பீட்டர் வருது. ஊத்துக்கோட்டை பேசறத ஒரு அலைவரிசையில வாங்கி, அதே நிமிஷம் இன்னொரு அலைவரிசையில மெட்ராஸுக்கு விட்டுடும். நடுவில ஆளே வேணாம்."

"அப்போ ஆள்?"

"ராமநாதபுரம் கிடங்கில ஒரு இடம் காலி. சம்பளம் குறையாது. இங்கே ரிப்பீட்டர் ஒழுங்கா ஓடினா உங்களுக்கு ஆர்டர் வந்துடும்."

சம்பளம் குறையாதுதான். ஆனால் ராமநாதபுரத்திலிருந்து வந்து தினமும் கோஷ்டியில் நிற்க முடியாது. நின்றுபோனால் அந்த இடம் சித்தப்பா பிள்ளை எம்பாருக்குப் போகும். எம்பார் அவசரக்காரன், இரண்டு எழுத்துக்கு ஒன்றை விழுங்குவான். பின் வரிசையில் பக்கத்தில் ஆளில்லாததால்தான் இதுவரை யாரும் அவனை இடிக்கவில்லை. யதிராஜன் போன அன்றே எம்பார் முன் வரிசைக்கு வந்துவிடுவான். 

டவர் எழும்பியது. காக்களூர்ப் பட்டறைக்காரர்கள் இரும்புக் கோணங்களைப் பற்றவைத்து நிறுத்தினார்கள். கேட்கிற ஏரியல் உச்சியில், பேசுகிற ஏரியல் நன்றாகக் கீழே தள்ளி. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ரிப்பீட்டர் தன் குரலைத் தானே கேட்டுச் செவிடாகிவிடும் என்றார் கோபால். பழைய மெல்லிய கேபிளில் பாதி சக்தி வழியிலேயே சூடாகக் கரைந்துவிடும் என்று கட்டை விரல் பருமனுக்குப் புது கேபிள் வந்தது. எல்லாவற்றையும் யதிராஜன் பக்கத்தில் நின்று பார்த்தார், கை கொடுத்தார். அடக்க முடியாமல், வளைவைப் பற்றியும் சொல்லிவிட்டார்.

மழைக்காலம் நெருங்கியிருந்தது. உச்சி மூட்டை அடைப்பது மட்டும் பாக்கி. "அது உங்க மருந்துதான் சார், எனக்கு வேற நம்பிக்கை இல்லை" என்று சொல்லிவிட்டுக் கோபால் மெட்ராஸ் போய்விட்டார்.

அம்புஜவல்லி சாதம் பரிமாறிக்கொண்டே கேட்டாள். "நீங்க போய் அடைக்காட்டா என்ன ஆகும்?"

"தண்ணி இறங்கும். நாலு மழையில ரிப்பீட்டர் ஊமையாயிடும்."

"ஊமையானா?"

"பழையபடி ஆள் வேணும்."

அவள் சாதத்தில் சாத்தமுதை விட்டாள். "ஏறாதேங்கோன்னு நான் சொல்லலே. உங்களுக்கு முழங்கால் வலின்னு ஊருக்கே தெரியும், அவ்வளவுதான்" என்றாள்.

முழங்கால் வலி நிஜம்தான். யதிராஜன் அன்று சாயங்காலம் டவர் அடியில் போய் நின்று பார்த்தார். மேற்கே பூண்டிப் பக்கம் மேகம் திரண்டிருந்தது. சும்மா இருந்தால் போதும். யாரையும் ஏமாற்ற வேண்டாம், ஒரு பொய்யும் சொல்ல வேண்டாம். ஆனால் மேலே ஒரு மூட்டு திறந்து கிடக்கிறது. திறந்து கிடக்கிறது என்று தெரிந்தபின் அவரால் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு வீட்டுக்குப் போக முடியவில்லை. மறுநாள் காலை மருந்தை இடித்துச் சூடு ஆறுவதற்குள் எடுத்துக்கொண்டு, முழங்காலைத் திட்டிக்கொண்டே (அதற்கும் நல்ல வார்த்தைகள்தான்) ஏறினார். விரலால் அழுத்தி, தடவி, மறுபடி அழுத்தி அடைத்தார். எந்த மூட்டையும் அவர் அவ்வளவு நன்றாக அடைத்ததில்லை.

திறப்பு விழாவுக்கு மெட்ராஸ் ஆபீஸில் பெரிய அதிகாரிகள் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். செட்டுக்கு மாலை போட்டு, தேங்காய் உடைத்தார்கள். காக்களூரில் கோபால் சுவிட்சைப் போட்டார். யதிராஜன் பக்கத்தில் கை கட்டி நின்றார். ஊத்துக்கோட்டையில் சடையப்பனுக்குச் செய்தி சொல்லும்படி உத்தரவு. இத்தனை வருஷமும் பேசிய மாதிரியே அவர் பேசினார்.

"தண்ணி மூணு அடி. பேட்டரி இன்னும் வர்ல. அந்த யேசுதாஸு பொறம்போக்கு இன்னா பண்ணிக்கினு கீறான்? சாவுகிராக்கி! ஓவர்."

ஓர் எழுத்து குறையாமல், தெளிவாக, கரகரப்பே இல்லாமல் அது மெட்ராஸ் ஆபீஸ் முழுக்கக் கேட்டது. வேலை அவ்வளவு சுத்தம்.

யேசுதாஸ் பதில் சொன்னார். அதுவும் ஊத்துக்கோட்டையில் தெளிவாகக் கேட்டது. அதிகாரிகள் எழுந்து போகும் வரைக்கும் இருவரும் நிறுத்தவில்லை. நடுவில் யேசுதாஸ் கேக்கைத் திருப்பிக் கேட்டார். சடையப்பன் வேர்க்கடலையைத் திருப்பிக் கேட்டார்.

மறுநாளிலிருந்து ஊத்துக்கோட்டை வாய் திறக்கவில்லை. மெமோ அனுப்பினார்கள். "அந்த ஆளாண்ட நான் பேச மாட்டேன் சார். எனக்கு மருவாதி முக்கியம்" என்று சடையப்பன் பதில் அனுப்பினார். மெட்ராஸில் யேசுதாஸ், ஊத்துக்கோட்டை கூப்பிட்டாலும் எடுப்பதில்லை என்று ஜபமாலையைத் தொட்டுச் சத்தியம் செய்திருந்தார். ஆற்றில் தண்ணீர் ஏறியது. எத்தனை அடி என்று தெரியாமல் இலாகா பத்திரிகைக்காரர்களிடம் மழுப்பியது. ஆளை மாற்றிப் பார்க்கலாம் என்றால் ஊத்துக்கோட்டைக்குப் போக யாரும் சம்மதிக்கவில்லை.

கோபால் வாடிய முகத்தோடு காக்களூருக்கு வந்தார்.

"சார், ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. இத்தனை வருஷம் அவங்க சொன்னத அப்படியேதானே சொன்னீங்க?"

"ஓர் எழுத்து மாத்தினதில்லை" என்றார் யதிராஜன். உண்மையிலேயே மனம் நொந்துவிட்டது அவருக்கு.

கோபால் ரிப்பீட்டரை அணைத்து, ஒரு காடாத் துணியைப் போர்த்தினார். மேஜையில் பழைய இரண்டு செட்டும் திரும்பி வந்தன. "பராமரிப்பு முடியும் வரை தற்காலிக ஏற்பாடு" என்று ஆர்டர் வந்தது. ராமநாதபுரம் கிடங்குக்கு வேறு யாரோ போனார். எம்பார் பின் வரிசையிலேயே நின்றான். அவன் விழுங்கும்போதெல்லாம் யதிராஜன் பின்னால் திரும்பி இடித்தார்.

யதிராஜன் சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் ஒவ்வொரு மழைக்கும் பிறகு டவரில் ஏறி அந்த மூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு இறங்கும்போது அவர் முகம் விழுந்திருக்கும். ஒரு சொட்டு இறங்கியிருக்காது. அவ்வளவு நல்ல வேலை, துணிக்கு அடியில் சும்மா கிடந்தது. பெரிய அதிகாரிகள் பார்வைக்கு வரும் நாளில் மட்டும் துணியை எடுத்து, சடையப்பனையும் யேசுதாஸையும் பேசாமலிருக்கச் சொல்லிவிட்டு, ரிப்பீட்டரை ஓட்டிக் காட்டுவார்கள்.

தற்காலிக ஏற்பாட்டின் முதல் நாள் காலை, இடது பக்கத்து செட் உயிர் பெற்றது.

"சாமி! நீதானா? அப்பாடா, பேஜாரா பூட்ச்சு. தண்ணி ஆறடி, ஏறிக்கினே கீது. அந்தக் கஸ்மாலத்தாண்ட சொல்லு. ஓவர்."

யதிராஜன் வலது பக்கம் திரும்பினார். "ஊத்துக்கோட்டை நீர்மட்டம் ஆறடி, ஏறுமுகம். சடையப்பன் உங்கள் சௌக்கியத்தை விசாரித்தார். ஓவர்."

வலது பக்கத்தில் யேசுதாஸின் குரல் வந்தது.

"அவன் விசாரிச்சானா?"

"விசாரித்தார்."

"இன்னா வார்த்தைல விசாரிச்சான்னு எனக்குத் தெரியும் சாமி." கொஞ்சம் இரைச்சல். "சரி. நானும் விசாரிச்சேன்னு சொல்லு. அவங்கம்மாவையும் சேத்து. ஓவர்."

யதிராஜன் இடது பக்கம் திரும்பி, ஓர் எழுத்து மாற்றாமல் சொன்னார்.