நூர் நிஷா கொடுத்த ராணி

கீழக்கரையில் நூர் நிஷாவின் வாய்க்குத் தெருவே பயப்படும். பேரம் பேச உட்கார்ந்தால் மீன்காரிக்கே தண்ணி காட்டிவிடுவாள். ஆனால் துபாயில் இருந்த கணவர் காஜா நவாஸிடம் "வந்துருங்க மச்சான்" என்கிற இரண்டு வார்த்தை மட்டும் அவள் தொண்டையைத் தாண்டாது. சபர் என்று கடல் தாண்டிப் போய்ச் சம்பாதிக்கிறவரை வா என்று கூப்பிட்டால், பிழைப்பைக் கெடுத்தவள் என்று பேர் வந்துவிடுமாம்.

அதனால்தான் அந்தப் பைத்தியக்காரி அதை செஸ் ஆட்டத்தில் கொண்டுபோய் வைத்தாள். வெள்ளிக்கிழமைகளில் இங்கே ஒரு பலகை, அங்கே ஒரு பலகை. வாட்ஸ்அப்பில் காய் சொல்லி இருவரும் ஆடுவார்கள். அவருடைய ஒப்பந்தம் முடிய இருந்த நேரம்.

"இதுல நான் செயிச்சா இத்தோட ஊருக்கு வந்துரணும்," என்றாள் சிரித்துக்கொண்டே.

"சரி புள்ள. வாரேன்."

கடைசியில் ஆளுக்கொரு ராஜா, ஆளுக்கொரு ராணி, அவளிடம் மட்டும் கூடுதலாக ஒரு சிப்பாய். அவர் ராணி செக் மேல் செக் வைத்து அவள் ராஜாவைப் பலகை முழுக்க ஓடவிட்டது. அவளும் விடுவதாயில்லை. சிப்பாய் ராணியாக இன்னும் ஒரே கட்டம். அவரிடம் செக்கும் தீர்ந்துபோயிற்று. சிப்பாயைத் தள்ளியிருந்தால் ஆட்டம் அவளுடையது.

தள்ளவில்லை. தன் ராணியை அவர் ராணிக்கு எதிரே கொண்டுபோய் வைத்தாள். சின்ன வயதில் அண்ணன் தாஹா சொல்லிவைத்த வீட்டுச் சட்டம் அப்படி: ராணி உயிரோடு இருக்கையில் சிப்பாய் ராணியாகாது, செத்த ராணியைத்தான் திரும்ப எடுக்கலாம். முதலில் ராணியை விடவேண்டும், பிறகு சிப்பாயைத் தள்ளலாம் என்று அவள் நினைப்பு. அவர் ராணி அவள் ராணியை வெட்ட, அவள் ராஜா அவர் ராணியை வெட்டியது. அவர் ராஜா சிப்பாய்க்குப் பக்கத்திலேயே நின்றதைப் பதற்றத்தில் பார்க்கத் தவறிவிட்டாள். அது சிப்பாயைத் தின்றது. டிரா.

காஜா நவாஸ் காய்களைப் பெட்டியில் போடும் சத்தம் போனில் கேட்டது. பிறகு, "இன்னொரு தடவ ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுக்கிறேன் நிஷா," என்றார்.

"உங்க இஷ்டம்," என்றாள் பாவி.

மகள் மர்வாவின் நிக்காஹை அவர் போனில்தான் பார்த்தார்.

இப்போது முட்டி தேய்ந்து ஒரேயடியாக ஊர் வந்துவிட்டார். போன வாரம் அசர் தொழுகைக்குப் பிறகு இருவரும் நேருக்கு நேர் ஆடினார்கள். அவர் சிப்பாய் கடைசிக் கட்டத்தைத் தொட்டது. ராணி பலகையில் இருக்கும்போதே அங்கே ஒரு பாட்டில் மூடியை வைத்தார்.

"இது ரெண்டாவது ராணி."

"ராணி இருக்கையில எப்படி மச்சான் இன்னொரு ராணி?"

"எத்தன வேணாலும் எடுக்கலாமே."

நூர் நிஷா அந்த மூடியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். தாஹா சொன்ன சட்டத்தையும், அன்றைக்கு ராணியை விட்ட காரணத்தையும் சொன்னாள்.

காஜா நவாஸ் அவளையே பார்த்தார். "நீ தெரிஞ்சேதான் ராணியக் குடுத்தேன்னு நெனச்சேன் புள்ள. செயிக்கிற ஆட்டத்த வேணும்னே விடுற, நான் வரவேணாங்கிறத இப்படிச் சொல்றியாக்கும்னு நெனச்சேன்."

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே மச்சான்."

"நீ ஒரு வார்த்த கூப்பிட்டிருக்கலாமே," என்றார்.