அம்மன் கோயிலுக்குப் போன உப்பு ஜாடி

எனக்கு அப்போது பத்து வயது. மலேசியாவில், கிள்ளானில் இருந்தோம். அப்பா பக்கத்து ஊரான தெலுக் பங்லிமா காராங்கில் தொழிற்சாலை ஒன்றுக்கு லோரி ஓட்டினார். லைசென்ஸ் புதுப்பிக்க டாக்டர் கையெழுத்து வேண்டும். ரத்தக்கொதிப்பு ஏறியிருந்ததால் அவர் போடவில்லை. மாத்திரை கொடுத்து, "உப்பைக் குறைங்கண்ணே. அடுத்த வாரம் பாப்போம், இறங்கினாதான் சைன்," என்று அனுப்பிவிட்டார். கையெழுத்து இல்லாவிட்டால் லோரி இல்லை, வேலையும் இல்லை. அது எனக்கே தெரிந்தது.

அன்று சாப்பிடும்போது, எங்களோடு இருந்த சித்தப்பா கருவாட்டைக் கடித்துக்கொண்டே கேட்டார்: "ஒரே வயித்துல பொறந்தோம், ஒரே சட்டியில தின்னோம். எனக்கு ஒண்ணும் வரல லா. உனக்கு மட்டும் எப்படிண்ணே?"

"பேசாம தின்னுடா," என்றார் அப்பா.

அண்ணனுக்கு மட்டும் நோயைக் கொடுத்து அம்மன் இப்படி ஓரவஞ்சனை செய்துவிட்டாளே என்று எனக்கு மனசு கேட்கவில்லை.

எங்கள் மாரியம்மன் கோயிலில், நோய் தீர உப்பும் மிளகும் பலிபீடத்தில் போடுவார்கள். ஒரு பிடி போட்டுத்தான் அம்மாவின் கழுத்து மரு உதிர்ந்தது. ஒரு பிடிக்கே மரு உதிருமானால், அப்பாவுக்கு எவ்வளவு வேண்டும்? மறுநாள் உப்பு ஜாடியை அப்படியே தூக்கிப்போய்க் கவிழ்த்துவிட்டு வந்தேன்.

"உப்பு எங்கடி?" என்றாள் அம்மா.

"அப்பாவுக்கு எறங்கணும்னு ஆத்தாகிட்ட கொட்டிட்டேன்மா."

அம்மா திட்டவில்லை. அந்த வாரம் முழுக்க வேறு உப்பும் வாங்கவில்லை.

"அண்ணி, இது ரசமா, வெந்நீரா?" என்று சித்தப்பா முனகினார். அப்பா அதையே சோற்றில் ஊற்றிப் பிசைந்தார்.

அடுத்த வாரம் டாக்டர் கையெழுத்துப் போட்டார். வேளை தவறாமல் அம்மா கொடுத்த மாத்திரையை நான் நினைக்கவே இல்லை. ஆத்தாவும் நானும் சேர்ந்து செய்த காரியம் என்றே நம்பினேன்.

போன மாதம் எனக்கே கொதிப்பு என்றார்கள். அப்பாவுக்கு இருந்ததா என்று கேட்டார் டாக்டரம்மா. ஜீன்களில் ஆளுக்கு ஆள் சின்னச் சின்ன வித்தியாசம் இருக்குமாம். அதனால் ஒருவர் உடம்பு உப்பை வெளியே தள்ளும், கூடப்பிறந்தவர் உடம்பு பிடித்து வைத்துக்கொள்ளும், அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம், அது மட்டும்தான் என்று சொல்வதற்கில்லை என்றார். சித்தப்பா கேட்ட கேள்விக்கு இத்தனை வருடம் கழித்துப் பாதிப் பதில் கிடைத்தது. ஆத்தா மேல் பழி போட்டதற்குக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அன்று அப்பாவுக்காக மட்டும்தான் வேண்டிக்கொண்டேன். காலி ஜாடியை ஆட்டிக்கொண்டு வீடு திரும்பிய அந்தப் பிள்ளைக்கு, தான் அப்பாவின் மூக்கையும் நடையையும் வாங்கிக்கொண்டு பிறந்தபோதே இந்தக் கொதிப்பையும் சேர்த்து வாங்கியிருக்கலாம் என்று தெரியாது.