மீன் வண்டியில் வந்த நைட்ரஜன்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் ஜெபித்துக்கொண்டே தள்ளிப்போட்டேன். அண்ணனுக்குத் தலைகுனிவாகிவிடுமே என்ற பயம். இப்போது அவரே எழுதச் சொல்லிவிட்டார்.

என் மகள் நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் மீகடத்தி மின்கேபிளை ஆராய்ச்சி செய்தாள். எனக்குப் புரிந்தமட்டில், கேபிளைத் திரவ நைட்ரஜனில் முக்கி மின்சாரம் விடுவார்கள். அந்தக் குளிரில் மின்சாரம் அநேகமாக வீணாகாது. வீணாகும் கொஞ்சமும் சூடாகி நைட்ரஜனைக் கொதிக்கவைக்கும். எழும்பும் ஆவியை அளந்தால் நஷ்டம் தெரியும். இது நடந்த அன்று மதியம் அதைப் பார்க்க வெளியூர்ப் பேராசிரியர் வருவதாக இருந்தது. மகளின் பட்டமே அதை நம்பி இருந்தது.

காலையில் கல்லூரி ஜீப் பழுது. இராஜாக்கமங்கலத்தில் மீன் வியாபாரம் செய்யும் என் அண்ணன் தன் டெம்போவில் வெளியூர் ஆலையிலிருந்து நைட்ரஜன் கேனை எடுத்துவரப் போனார். துணைக்கு நானும் போனேன். திரும்பும் வழியில் ஆரல்வாய்மொழியில் இறங்கிப் பார்த்தால், மூடியைச் சுற்றி வெள்ளைப் புகை.

"ஏட்டி, எல்லாம் பொகையா போவுது பாத்தியா? போய்ச் சேரும்போ பிள்ளைக்கு என்ன மிஞ்சும்?" என்றார் அண்ணன். ஐஸ்பெட்டியைக் கட்டுவதுபோல, நனைந்த சாக்கை மூடிமேல் சுற்றி, சைக்கிள் டியூபால் இறுக்கினார். புகை நின்றது. எனக்கும் நிம்மதி.

கல்லூரியில் கேனைப் பார்த்ததும் மகளின் முகம் வெளுத்துவிட்டது.

"மாமா, இத யாரு கட்டுனா? உள்ள ஆவி பெருகிட்டே இருக்கும். வழியில்லன்னா வெடிச்சிரும்! எல்லாரும் தள்ளுங்க!"

சாக்கு உறைந்து கல்லாகியிருந்தது. அவள் கத்தியோடு முன்னே போனாள். அண்ணன் அவளை இழுத்து நிறுத்தினார்.

"கட்டுனவன் நான். நீ போ மக்களே."

மீன்கத்தியை நீளக் கம்பில் கட்டி, தூணுக்குப் பின்னால் நின்று டியூபை அறுத்தார். ஒன்றும் நடக்கவில்லை. "ஆண்டவரே, ஆண்டவரே" என்றேன். கம்பால் ஓங்கி இடித்தார். மூடி பறந்து கூரைத் தகரத்தைக் கிழித்தது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை.

மீதி இருந்த நைட்ரஜன் அளந்து காட்டப் போதும் என்றாள் மகள். மதியம் கண்ணாடிக் குழாயில் ஆவி ஏற ஏற, பேராசிரியர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே அண்ணன் அறுந்த டியூபைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"பொகையத்தான் அளக்கப் போறியன்னு ஒருத்தனும் எங்கிட்ட சொல்லல்லியே ஏட்டி."

சபையில் சிலர் இதை, தேவதூதன் கேனைப் பிடித்துக்கொண்டான் என்று சொல்கிறார்கள். கர்த்தர் காத்தார், அது மெய். ஆனால் கேன் வெடிக்க இருந்தது, அதுவும் மெய். நைட்ரஜன் கேனைத் தொடுகிற யாருக்காவது சொல்வீர்களானால், கூட்டாமல் குறைக்காமல் இப்படியே சொல்லுங்கள்: புகை போகட்டும், மூடியைக் கட்டாதீர்கள்.