மொட்டை மாடி ஓசோன்

திருத்தணி பைபாஸ் ஓரம் ட்யூஷன் நடத்தும் ஹேமநாதனுக்குத் தெரியாத விஷயம் என்று ஒன்று அந்த ஊரில் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. இருபத்திரண்டு வருஷமாகப் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் சொல்லித் தருகிறார். "ஓசோன் நமக்குக் குடை" என்பது அவருடைய பெயர்பெற்ற வாக்கியம். அதற்கு மேல் யாராவது ஏதாவது கேட்டுவிட்டால், "பரீட்சைக்கு வராது, உக்காரு" என்பது அடுத்த வாக்கியம். அவருடைய மொத்த அறிவியலும் இந்த இரண்டுக்குள் அடக்கம்.

மனைவி புஷ்பலதாவுக்கு வீசிங் தொந்தரவு. கிருத்திகைக்கு மலைக்கு வரும் வண்டிகளெல்லாம் அவர்கள் வாசலில்தான் ஊர்ந்து போகும். அன்றைக்கு அவள் இன்ஹேலரை முந்தானையில் முடிந்துகொண்டே சமைப்பாள். டாக்டர் பேச்சைக் கேட்பதா, ஹேமநாதன் பேச்சைக் கேட்பதா என்ற போட்டியில் டாக்டர் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை.

சித்திரையில் ஒரு வேன் வந்து எதிரே நின்றது. அதன் கூரையிலிருந்த கண்ணாடி வழியாகக் கண்ணுக்குத் தெரியாத லேசர் மேலே போகும். காற்றில் பட்டுத் திரும்புகிற கொஞ்சம் ஒளியை வைத்து, எந்த உயரத்தில் எவ்வளவு ஓசோன் என்று உள்ளே திரையில் காட்டும். வேனோடு வந்த ஆராய்ச்சிக்காரப் பெண் தேவிப்பிரியா. ஹேமநாதன் நேரே போய் வேனுக்குள் தலையை விட்டார்.

"இந்தத் தெருவுலதான் சார் ஓசோன் ஜாஸ்தி. மத்தியானம் ரெண்டு மணிக்கு உச்சத்துக்குப் போயிடுது."

அவள் அடுத்த வார்த்தைக்கு வாயைத் திறப்பதற்குள் ஆள் வீட்டுக்குள். மறுநாள் ரெண்டு மணிக்கு மொட்டை மாடியில் பிளாஸ்டிக் நாற்காலி; அதில் புஷ்பலதா.

"நல்லா இழுத்து வுடு புஷ்பா. ஊர்ல எவனுக்கும் கெடைக்காத ஓசோன் நம்ம தலைமேல கொட்டிகினு கீது."

"தொண்டை எரியுது பாவா."

"எரியும். உள்ள வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

மூன்று நாள் வேலை செய்தது. நாலாம் நாள் மாடிப்படியிலேயே அவள் மூச்சடைத்து உட்கார்ந்துவிட்டாள். சத்தம் கேட்டுத் தேவிப்பிரியா ஓடி வந்தாள். இன்ஹேலரை மூன்றாவது தடவை இழுத்த பிறகுதான் புஷ்பலதாவின் இழுப்பு அடங்கியது.

"இந்த வெயில்ல எதுக்கு ஆன்ட்டி மாடிக்குப் போனீங்க?"

"ஓசோன் பிடிக்கிறாம்மா," என்றார் ஹேமநாதன் பெருமையாக.

தேவிப்பிரியா விரலை வானத்துக்கு நீட்டினாள். "சார், நீங்க சொல்ற குடை இருபது கிலோமீட்டருக்கு மேல இருக்குது. அங்க இருந்தா நல்லது. இது வண்டிப் புகையில வெயில் பட்டு மூக்குகிட்டயே உண்டாவறது. நுரையீரலை அரிக்கும்."

"மேல இருந்தா நல்லவன், கீழ வந்தா கெட்டவனா? ஓசோன் என்னம்மா, அரசியல்வாதியா? புக்குல அப்படி இல்லியே!"

புஷ்பலதா அவரைக் கவனிக்கவில்லை. "எப்போ கம்மியா இருக்கும்மா?"

"காலையில. அப்புறம் பொழுது சாஞ்ச பிறகு. மத்தியானம் ஜன்னலைச் சாத்திகினு உள்ளயே இருங்க."

"ஆங்."

புஷ்பலதா மெல்ல எழுந்தாள். மாடியில் கிடந்த நாற்காலிப் பக்கம் கையைக் காட்டினாள். "புக்கை எடுத்துகினு நீங்க போய் உக்காருங்க பாவா. எனக்குப் பரீட்சை இல்லை."

மறுநாள் வேன் கனகம்மாசத்திரத்துக்குக் கிளம்பிவிட்டது. சரியாக ரெண்டு மணிக்கு ஹேமநாதன் மாடியில் தனியாக உட்கார்ந்து இழுத்து இழுத்து விட்டார். இருபத்திரண்டு வருஷ வாக்கியத்தைத் திருத்துவதைவிட இருமுவது அவருக்குச் சுலபமாக இருந்தது.

இருமல் கீழே கேட்டது. புஷ்பலதா மிச்சமிருந்த ஒரு ஜன்னலையும் சாத்தினாள்.