லேபிளின் பின்பக்கம்

ஊருக்கு வெளியே புதிதாக முளைத்த காலனியில் எங்களுக்கு மாடி வீடு. புத்தி பிசகுவதற்கு அதைவிட வசதியான இடம் சிவகாசியில் கிடையாது. பகலெல்லாம் தனியாகக் கிடப்பேன். சுவருக்குள் யாரோ திரி கொளுத்துகிற சத்தம் கேட்கும். அச்சாபீஸில் சூப்பர்வைசரான என் வீட்டுக்காரரிடம் சொன்னால், "சீசன் நேரத்துல எல்லாருக்கும் அப்படித்தான்" என்பார். இருக்கன்குடி விபூதியைப் பூசிவிட்டார். அத்தோடு வைத்தியம் முடிந்தது.

செல்போன் வந்துவிட்ட காலம்தான். எங்கள் வீட்டு செல்போன் அவர் சட்டைப்பையில் வேலைக்குப் போய்விடும். எனக்கோ வாசலைத் தாண்டவே பயம். மல்லாங்கிணற்றில் இருந்த அக்காவுக்குக் கடிதம் எழுதினேன். காகிதம் என்றால் எங்கள் வீட்டில் அவர் அச்சாபீஸிலிருந்து கொண்டுவரும் வேஸ்ட் பட்டாசு லேபிள் தாள்தான். முன்பக்கம் அச்சில் கலர் விலகிய மயில் படம், பின்பக்கம் என் புலம்பல். 'எனக்கு என்னமோ ஆகுதுக்கா, சுவத்துக்குள்ள திரிச் சத்தம் கேக்குது, வந்து கூட்டிட்டுப் போ.' கவரில் போட்டு அனுப்பச் சொல்லி அவரிடமே கொடுப்பேன். ஏழு கடிதம் போயிற்று, பதிலே இல்லை. அக்காவும் கைகழுவிவிட்டாள் என்று கடைசி இரண்டில் அவளை வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

பின்தெருவில் பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டுகிறவள் ஒருத்தி உண்டு. ரேஷன் கார்டுக்கு நான்தான் மனு எழுதிக் கொடுத்திருந்தேன். ஒருநாள் காலையில் நாலு தாளோடு வந்து நின்றாள்.

"குழாய் உருட்ட அச்சாபீஸ்லருந்து வந்த வேஸ்ட் கட்டுல கெடந்துச்சுக்கா. ஒங்க கையெழுத்துன்னு பெறகுதான் பாத்தேன். அதுக்குள்ள மூணை உருட்டிட்டேன்."

இட்லி தின்றுகொண்டிருந்த வீட்டுக்காரர் நிமிரவில்லை. "ஆபீஸ் மேசையில வச்சேன். லேபிள் பக்கம் மேல இருந்துச்சு, பசங்க கட்டுல சேத்துட்டாங்க போல. பின்னால யாரு திருப்பிப் பாப்பா?"

மயில் கழுத்தில் ஒரு நூல் கலர் விலகினால் ஓடுகிற மிஷினை நிறுத்துகிற மனுஷர். ஏழு தடவையும் கவர் எடுக்க மறந்திருக்கிறார். சட்டினிக் கிண்ணத்தை அவர் தலையில் கவிழ்த்தால் என்ன என்று தோன்றியது.

அவள் அவரைக் கண்டுகொள்ளவே இல்லை. "அந்தத் திரிச் சத்தம் இப்பவும் கேக்குதாக்கா?" என்றாள். அதுவரை என்னிடம் ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை.

"கேக்குது" என்றேன்.

"சேலையை மாத்திட்டு வாங்க. மல்லாங்கிணறு வரைக்கும் நானும் வாரேன்."

இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தோம். வழியெல்லாம் என் கையை அவள் விடவில்லை. அக்கா கதவைத் திறந்து, என்னை மேலும் கீழும் பார்த்து, பதறிப்போய்க் கட்டிக்கொண்டாள்.

"ஏன்டி இப்படி எலும்பாப் போயிட்ட? ஒரு கடுதாசி போட்டிருந்தா ஓடி வந்திருப்பேன்ல."