பலூனில் ஓட்டை

மூன்று வயதுக் குழந்தைக்கு அருவருப்பு தெரியுமா? யோசித்துச் சொல்லுங்கள். மண்ணை அள்ளி வாயில் போட்டுக்கொள்ளும். பக்கத்துப் பிள்ளை சப்பிக் கீழே போட்ட மிட்டாயை எடுத்துத் தான் சப்பும். நாயின் காதைக் கடித்துப் பார்க்கும். அப்பேர்ப்பட்ட ஒரு ஜீவன் இன்னொரு குழந்தையின் கழுவிய கையைப் பார்த்து, "இதைத் தொட மாட்டேன்" என்று சொன்னால், அந்தச் சொல் அதன் வாய்க்கு எப்படி வந்தது? தானாக முளைத்ததா, நாம் ஊட்டிவிட்டதா?

அட்டைப்பெட்டி அக்காவுக்கு விடை தெரிந்துதான் இருந்தது. தெரிந்தும் ஒரு தப்புச் செய்தார். அந்தத் தப்பைத் தன் கையாலேயே வெட்டியும் எறிந்தார்.

ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் பிள்ளைகள் அறையைப் பார்த்துக்கொள்பவர் அக்கா. தையல் பிரிவில் வேலை செய்யும் அம்மாக்கள் காலையில் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் நாள் முழுக்கத் தையல் இயந்திரங்களின் இரைச்சல். இந்தப் பக்கம் அதைத் தோற்கடிக்கும் பத்தொன்பது தொண்டைகள். அக்கா முன்பு பேக்கிங் பிரிவில் பதினோரு வருஷம் பெட்டி மடித்தவர். முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்ததும், "உக்காந்து பாக்கற வேலைம்மா" என்று சொல்லி ஆபீஸில் அவரை இங்கே மாற்றினார்கள். அப்படிச் சொன்ன மனிதர் ஆயுளில் ஒரு நாளாவது பத்தொன்பது பிள்ளைகளோடு அரை மணி நேரம் இருந்திருக்க மாட்டார்.

அக்கா வந்தபோது அந்த அறையில் இருந்தவை ஒரு கரும்பலகை, நாலு பெஞ்சு, 'சத்தம் போடாதே' என்று எழுதிய ஒரு பெரிய அட்டை. முதல் வாரமே அந்த அட்டையைக் கழற்றினார். அதில் நாலு ஓட்டை வெட்டி, துணிப்பந்தை எறிந்து உள்ளே தள்ளும் பலகையாக்கினார். பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளினார். அதன் பிறகு தொழிற்சாலையில் குப்பை என்று எதையும் யாராலும் நிம்மதியாகக் கொட்ட முடியவில்லை. நூல் தீர்ந்துபோன கோன்கள் அடுக்கித் தள்ளும் கோபுரமாயின. நீல லைனிங் துணியின் மிச்சம் தரையில் ஆறாக ஓடியது. ஆற்றில் அங்கங்கே வட்டம், சதுரம், முக்கோணம் என அட்டைக் கற்கள். "முக்கோணத்துல மட்டும் கால் வைக்கணும். வட்டத்துல வச்சா முதலை" என்பார் அக்கா. முதலை அவரேதான். பொத்தான் கையில் கிடைத்தால் பிள்ளைகள் விழுங்கிவிடும் என்பதால், பத்துப் பெரிய பொத்தான்களைத் துணியில் இழுத்தாலும் பிய்யாதபடி தைத்து எண்ணுகிற பாம்பு ஒன்று செய்திருந்தார். அதன் வாலிலிருந்து தலைக்கு விரல் வைத்து எண்ணிப் போனால் பத்து. தலைக்கு வந்ததும் பாம்பு கடிக்கும். அதற்காகவே பிள்ளைகள் நூறு தடவை எண்ணின.

வீட்டிலும் அட்டைதான். அவருடைய வீட்டுக்காரர் லாரி ஓட்டுபவர். வந்ததும் கட்டிலைத் தேடுவார்.

"ஏண்டி, நான் படுக்கற எடத்துல ஒரு ஒட்டகச்சிவிங்கி நிக்குது."

"பசை காயணும். கீழ படுங்க."

"ஒரு நாள் என்னையும் வெட்டிப் பொம்மை பண்ணிடப் போற."

"உங்கள வச்சு என்ன பண்றது? மடிக்கவும் வராது, நிமுத்தவும் வராது."

பிள்ளைகளுக்கு எல்லாவற்றிலும் பிடித்தது பலூன் விளையாட்டு. அதற்குப் பொருள் எதுவும் வேண்டாம், கை போதும். எல்லாரும் கை கோத்து நெருக்கி வட்டமாக நிற்க வேண்டும். அக்கா "ஒண்ணு" என்றால் ஓரடி பின்னால். "ரெண்டு" என்றால் இன்னும் ஓரடி. பலூன் பெரிதாகிக்கொண்டே போகும். கைகள் விறைத்து இனி முடியாது என்ற நிலை வந்ததும் "டப்" என்பார்; எல்லாரும் பொத்தென்று விழ வேண்டும். நடுவில் யாராவது கையை விட்டால் ஓட்டை. "புஸ்ஸ்ஸ்" என்று காற்று போய்விடும். மறுபடி முதலிலிருந்து. எண்ணவும், காத்திருக்கவும், பக்கத்தில் இருப்பவரை விட்டுவிடாமல் இருக்கவும் ஒரே விளையாட்டில் பழகினார்கள். "எழுத எப்பக்கா சொல்லித் தருவீங்க?" என்று கேட்கும் அம்மாக்களுக்கு அக்காவின் பதில் இது: "குதிச்சு முடிக்காத பிள்ள உக்காந்து எழுதாது. மொதல்ல கிழிக்கட்டும், ஒட்டட்டும், விழுந்து எழுந்திருக்கட்டும். பென்சில் எங்கயும் ஓடிப் போயிடாது."

அந்தப் பலூனில்தான் ஒரு நாள் ஓட்டை விழுந்தது.

வட்டத்தில் இருந்தவர்களில் ஒருத்தி தவளை. ஆற்றை ஒரே தாவில் தாண்டுவதால் அந்தப் பெயர். நாலு வயது நிறையவில்லை. தொழிற்சாலையின் கழிப்பறைகளைக் கழுவும் துப்புரவுத் தொழிலாளியின் மகள். அவள் பக்கத்தில் நின்றவன் மீசை. பால் குடித்தால் உதட்டின் மேல் ஒட்டிய நுரையை மாலை வரை துடைக்காமல் வைத்திருப்பான். தையல் வரிசை சூப்பர்வைசரின் பையன். அன்று அவன் தன் வலது கையைச் சட்டைக்குள் ஒளித்துக்கொண்டான்.

"டேய் மீசை, கையைக் குடு. காத்து போகுது பாரு."

"மாட்டேன். அவ கை ச்சீ."

"யாருடா சொன்னா?"

"அம்மா."

மற்ற பிள்ளைகளுக்கு விவரம் புரியவில்லை. விளையாட்டு மட்டும் புரிந்தது. "ஓட்டை, ஓட்டை" என்று தவளையைக் காட்டிக் கத்தின. அவளும் தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், ஓட்டை எங்கே இருக்கிறது என்று.

மாலையில் சூப்பர்வைசர் பையனை அழைத்துப்போக வந்தபோது அக்கா மெதுவாகக் கேட்டார். சூப்பர்வைசர் குரலை உயர்த்தவில்லை. அநியாயம் எப்போதும் கத்திக்கொண்டு வருவதில்லை. பல நேரம் அக்கறையாகத்தான் வரும்.

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. அவ அம்மா கக்கூஸ் கழுவறா. அந்தப் பொண்ணு அவ மடியிலதான் படுத்துக் கெடக்குது. எம் பையனுக்கு ஏதாவது ஒட்டிக்கிட்டா? நாலு பேரு இதேதான் சொல்றாங்க. நான் வெளிப்படையா சொல்றேன், அவ்வளவுதான்."

அக்காவுக்கு உடனே வாய் வரவில்லை. மறுநாள் மீசையோடு சேர்த்து மூன்று பிள்ளைகள் கையை ஒளித்தன. தவளை யாரும் சொல்லாமலே சுவரோரம் போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தாள். தாவுகிற பிள்ளை உட்கார்ந்தே இருப்பதை அக்காவால் சகிக்க முடியவில்லை. எப்படியாவது அவளை வட்டத்துக்குள் கொண்டுவந்துவிட வேண்டும். அக்காவுக்குச் சண்டை போடத் தெரியாது, செய்யத் தெரியும். அன்று சாயங்காலமே வீட்டில் கத்தரிக்கோலோடு உட்கார்ந்தார்.

காலையில் கயிறு தயார். வெட்டுத்துணியைப் பின்னி, எலாஸ்டிக் கோத்து, வட்டமாக முடிச்சுப் போட்ட கயிறு. அதில் பத்தொன்பது துணி வளையங்கள், ஒவ்வொன்றும் ஒரு நிறம் அல்லது ஒரு கோடு. யாரும் யார் கையையும் பிடிக்க வேண்டியதில்லை. அவரவர் வளையத்தைப் பிடித்துக்கொண்டால் போதும். எண்ணலாம், நிறம் சொல்லலாம், எலாஸ்டிக் இழுபடுவதால் பலூன் நிஜமாகவே விரிவது போல இருக்கும். தவளைக்கு மஞ்சள். அவள் ஓடி வந்து பிடித்துக்கொண்டாள். பலூன் பத்து வரை விரிந்து வெடித்தது. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது, சந்தோஷத்தில்.

எல்லாருக்கும் பிடித்திருந்தது. சூப்பர்வைசர் நன்றி சொன்னார். ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து போட்டோ எடுத்தார். "கை படாம விளையாட்டு. சுத்தமா இருக்கு. நல்ல யோசனைம்மா" என்றார். 'சுத்தமா' என்ற சொல் அக்காவின் காதில் முள்ளாகத் தங்கியது. எடுத்துப் போட நேரமில்லை. யாரோ ஒரு பிள்ளைக்கு மூக்கு ஒழுகியது.

இரண்டு வாரம் கழித்து, தவளையின் அம்மா தரை துடைக்க வந்தார். பிள்ளைகள் தூங்கும் நேரம். துடைப்பானை ஓரமாகச் சாய்த்துவிட்டு, ஆணியில் தொங்கிய கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதுதான் அந்தக் கயிறாக்கா?"

"ஆமா தங்கச்சி. நல்லா வந்திருக்குல்ல? உம் பொண்ணுது மஞ்சள்."

"தெரியும். சொன்னா." மஞ்சள் வளையத்தை விரலால் தொட்டார். "நேத்து ரோட்டத் தாண்டும்போது கையக் குடுடீன்னேன். குடுக்க மாட்டேங்கறா. பாவாடைத் துணிய நீட்டி, இதப் பிடிச்சுக்கோம்மாங்கறா. ஏண்டின்னா, என் கை ச்சீயாம். உனக்கு ஒட்டிக்குமாம்."

அக்காவின் கண் ஆணியில் தொங்கிய கயிற்றுக்குப் போனது.

"எனக்கு ஒட்டிக்குமாங்க்கா. ஊரு அழுக்கெல்லாம் கழுவற எனக்கு, எம் பிள்ள கை." அவர் சிரிக்கத்தான் பார்த்தார். "நீங்க நல்ல மனசோடதான் செஞ்சீங்க. அது தெரியும். ஆனா யாருக்காகச் செஞ்சீங்கன்னு யோசிச்சுப் பாருங்க."

துடைப்பானை எடுத்துக்கொண்டு அவர் தரையைத் துடைத்து முடித்தார். அக்கா கயிற்றை ஆணியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். தவளைக்காகச் செய்ததாக நினைத்திருந்தார். கணக்குப் போட்டுப் பார்த்தால், அந்தக் கயிற்றால் நிம்மதியடைந்தவர்கள் எல்லாரும் பெரியவர்கள். ச்சீ என்ற சொல்லுக்குப் பத்தொன்பது நிறத்தில் கைப்பிடி தைத்துக் கொடுத்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

மறுநாள் காலை பிள்ளைகள் எதிரிலேயே கயிற்றை வெட்டினார். பெரிய கத்தரிக்கோல், பத்தொன்பது வெட்டு. பிள்ளைகளுக்கு ஒரே குஷி. ஆளுக்கொரு துண்டை வால் மாதிரி சொருகிக்கொண்டு ஓடின. "இனிமே பலூன் கையாலதான்" என்றார் அக்கா. முதலில் தவளையின் ஒரு கையைத் தானே பிடித்தார். இன்னொரு கையைப் பிடிக்க ஒருத்தி வந்தாள், பிறகு ஒருவன். கையை ஒளித்த மூவரில் இருவருக்குப் பலூன் முக்கியமாகப் பட்டது. மீசை மட்டும் சுவரோரம் நின்றான்.

"அம்மா திட்டுவாங்க" என்றான். உதடு பிதுங்கியது.

அவனை அதட்டவோ இழுக்கவோ அக்காவுக்கு மனமில்லை. அவன் மேல் என்ன தப்பு? "சரி, நீ பம்ப். நடுவுல நின்னு காத்தடி" என்றார். மீசை முகம் மலர்ந்து நடுவில் நின்று, குனிந்து நிமிர்ந்து காற்றடித்தான். ஒண்ணு, ரெண்டு, மூணு. பலூன் பத்தில் வெடித்தது. அன்றைக்குப் பிள்ளைகள் பின்னால் விழவில்லை. எல்லாரும் முன்னால் பாய்ந்து பம்ப்பின் மேல் விழுந்தார்கள். பதினெட்டுப் பேர் குவியலாக. அடியிலிருந்து மீசையின் சிரிப்பு மட்டும் கேட்டது.

மாலையில் சூப்பர்வைசர் பையனைக் கேட்டார். "அவ கையப் பிடிச்சியா?"

"இல்லம்மா" என்றான் மீசை பெருமையாக. "அவ என் தலைமேல உக்காந்தா."

சூப்பர்வைசர் அக்காவைப் பார்த்தார். இந்தத் தடவை அக்காவுக்கு வாய் வந்தது.

"மேடம், நோய்க்குத்தான் பயம்னா அதுக்கு சோப்பு இருக்கு. பத்தொம்பது பிள்ளைக்கும் நான்தான் போட்டுக் கழுவறேன். உங்க பையன் காலையில பண்ணினதையும் இந்தக் கைதான் கழுவுச்சு. கழுவற கை அழுக்குன்னா மொத அழுக்கு நான்தான். எங்கிட்ட எப்படி விட்டுட்டுப் போறீங்க?"

விஷயம் ஆபீஸுக்குப் போனது. அக்காவைக் கூப்பிட்டார்கள். போட்டோ எடுத்த அதே மனிதர்.

"கயிறு நல்லாத்தானேம்மா இருந்துச்சு? எதுக்குப் பிரச்சினை? இப்படின்னா மறுபடியும் பேக்கிங்குக்கே அனுப்ப வேண்டி வரும்."

  அக்காவுக்குப் பெட்டி மடிப்பது பற்றிக் கவலையில்லை; அந்த அறையை இழப்பதுதான் தாங்காது.

"அனுப்புங்க சார். ஆனா காரணத்தை எழுதிக் குடுத்துடுங்க. பிள்ளைங்கள ஒருத்தர் கைய ஒருத்தர் பிடிக்க வச்சாங்க, அதனால மாத்தறோம்னு. அதுல ஒரு கையெழுத்தும் போட்டுடுங்க."

அவர் பேனாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். மறுபடி மூடி வைத்தார். அப்படி ஒரு வாக்கியத்தை மனதுக்குள் வைத்துக்கொள்ளலாம். காகிதத்தில் எழுதினால் எழுதியவன் முகம் தெரிந்துவிடும். "போய் வேலையைப் பாருங்க" என்றார்.

மீசை இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் வந்தான். சூப்பர்வைசர் மனம் மாறினாரா, விட வேறு இடமில்லையா, தெரியாது. வாசலில் விட்டவர் எதுவும் சொல்லாமல், பையனையும் எதுவும் சொல்லி எச்சரிக்காமல் போனார். அக்கா அவனுக்குப் பம்ப் வேலையைத் தயாராக வைத்திருந்தார்.

"பம்ப் வேணாம். பம்ப்புக்கு வலிக்குது" என்றபடி அவன் நேராகப் போய் வட்டத்தில் தவளைக்குப் பக்கத்தில் நின்று கையை நீட்டினான்.

தவளை கொஞ்சம் யோசித்தாள். பிறகு அவன் கையை இறுக்கிப் பிடித்து, பெரிய மனுஷி மாதிரிக் கண்டித்தாள்: "கெட்டியாப் பிடி. அன்னிக்கு உன்னாலதான் ஓட்டை."

அன்று சாயங்காலம் அக்கா ஜன்னலருகே நின்று, அட்டையில் பசை தடவிக்கொண்டே சாலையைப் பார்த்தார். தவளையின் அம்மா வாசலைத் தாண்டினார். லாரி ஒன்று போகும்வரை நின்றார். மகளைப் பார்க்காமலே கையைக் கீழே நீட்டினார். சின்னக் கை ஒன்று மேலே வந்து அதைப் பிடித்துக்கொண்டது. பாவாடை அதன் பாட்டுக்குக் காற்றில் ஆடியது.

இனி உங்கள் முறை. இன்று சாயங்காலம் உங்கள் குழந்தை வந்ததும், "என்ன எழுதினே?" என்று கேட்காதீர்கள். "இன்னிக்கு யார் கையைப் பிடிச்சு விளையாடினே, யார் கையைப் பிடிக்கல?" என்று கேளுங்கள். பிடிக்காத கை ஒன்று இருந்தால், ஏன் என்று குழந்தையை விசாரிக்க வேண்டாம். அதற்குக் காரணம் சொல்லிக் கொடுத்த பெரியவர் உங்கள் வீட்டில்தான் இருப்பார், ஒருவேளை உங்கள் கண்ணாடியிலேயே. நாளைக் காலை குழந்தையை விடப் போகும்போது ஐந்து நிமிஷம் அதிகம் நில்லுங்கள். தனியாக நிற்கும் அந்தப் பிள்ளையைக் கண்டுபிடியுங்கள். ஒரு கையில் அதை, மறு கையில் உங்கள் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு, வட்டத்துக்குள் நில்லுங்கள். ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குங்கள்.